ரவுட்டர் வாங்கப் போகும் முன் லேப்டாப்பைக் கொஞ்சம் பாருங்கள்

போன மாதம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பெரியவர் பாளையங்கோட்டையில் உள்ள என் சர்வீஸ் கடைக்கு வந்தார். ஒரு தோளில் லேப்டாப் பை, கையில் மஞ்சப்பை. மஞ்சப்பைக்குள் டப்பாவோடு புத்தம்புது வைஃபை 6 ரவுட்டர்.

"தம்பி, நாலாயிரம் ரூவா கொடுத்து வாங்கினேன். பேரன் போன்ல பறக்கு. இந்த லேப்டாப்புல மட்டும் பழைய வேகந்தான் வருது. ரவுட்டர் சரியில்லையோ என்னமோ, பாத்துச் சொல்லுங்க."

ரவுட்டரை நான் தொடவே இல்லை. லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜரை (உள்ளே இருக்கும் பாகங்களைக் காட்டும் விண்டோஸ் பட்டியல்) திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் வரியை விரித்தேன். ரியல்டெக் 8723பிஇ என்று இருந்தது. விலை குறைந்த லேப்டாப்புகளில் நான் அடிக்கடி பார்க்கும் வைஃபை கார்டு. வைஃபை ஓடும் பேண்டுகளில், அதாவது அலைவரிசைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்காது. அதிகபட்சம் 150 எம்பிபிஎஸ் என்பது ஏட்டுக் கணக்கு. அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் நெருக்கியடிக்கும் இடத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடினால் இணைப்பு 72 எம்பிபிஎஸ்தான். அதிலும் டவுன்லோடு வேகமாகக் கைக்கு வருவது நாற்பது சொச்சம்.

"அண்ணாச்சி, கன்னடியன் கால்வாய்ல தண்ணி கரைபுரண்டு போனாலும் உங்க வயலுக்கு வாறது மடை அளவுதானே? இந்த லேப்டாப்போட மடை ரொம்பச் சின்னது" என்றேன். கல்லிடைக்குறிச்சிக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் மஞ்சப்பையை ஒரு பார்வை பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் ஃபைபர் இணைப்பு கிராமம் வரை வந்த பிறகு இந்த மாதிரி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ரவுட்டரைக் கடையில் இருப்பதிலேயே பெரிதாக, நாலு ஆன்டெனா உள்ளதாகப் பார்த்து வாங்குகிறார்கள். அதோடு பேச வேண்டிய கார்டு லேப்டாப்புக்குள் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

பார்ப்பது இரண்டு நிமிட வேலை. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் இருக்கும். பெயரில் 'ஏஎக்ஸ்' என்றிருந்தால் வைஃபை 6 தலைமுறை. 'ஏசி' என்றிருந்தால் வைஃபை 5. 2013-இல் வந்த இந்தத் தரம் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது. 'என்' என்று இருந்தால்தான் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். 2009-இல் வந்த 802.11என் தரம் 2.4, 5 இரண்டிலும் வேலை செய்யும். ஆனால் கம்பெனிக்காரர்கள் காசை மிச்சம்பிடிக்க 2.4 மட்டும் உள்ள கார்டுகளையே ஏராளமாகப் போட்டுத் தள்ளினார்கள். பெயரில் 'டூயல் பேண்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கார்டின் மேல் இரட்டைச் சொடுக்குச் சொடுக்கி 'அட்வான்ஸ்டு' பக்கத்துக்குப் போங்கள். அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் பற்றிப் பேச்சே இல்லையென்றால் பெரும்பாலும் அது ஒற்றை பேண்ட் கார்டுதான். சந்தேகம் இருந்தால் மாடல் எண்ணை நெட்டில் தேடினால் தெரிந்துவிடும். 2011-இலிருந்து அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் நிறைய வீடுகளில் ஓடுகின்றன. என் மேசைக்கு வந்தவற்றில் பலவும் 2.4 மட்டும் பிடிப்பவைதான்.

இன்னொரு குழப்பம். ரவுட்டரில் '5ஜி' என்று முடியும் பெயர் தெரிந்தால் அது சிம் கார்டு 5ஜி இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. "போன்ல 5ஜி காட்டுது, லேப்டாப்புல அந்தப் பேரே வரமாட்டுக்கு" என்று யாராவது சொன்னால் பாதி வியாதி அப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம் டப்பாமேல் இருக்கும் எண். ஏசி1200 என்றால் 1200 உங்களுக்கு வரும் என்று அர்த்தம் இல்லை. 2.4-இல் 300, 5-இல் 867, இரண்டையும் கூட்டி மேலே ஏற்றிப் போட்ட எண் அது. லேப்டாப் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இருக்கும். ஒரே ஆன்டெனா வழியில் பேசும் ஒற்றை ஸ்ட்ரீம் ஏசி கார்டு என்றால் உச்சம் 433. இரட்டை என்றால் 867. பாதிக்குக் கொஞ்சம் மேலே நிஜத்தில் கிடைத்தால் நல்ல இணைப்பு. வீட்டில் 100 எம்பிபிஎஸ் பிளான், லேப்டாப்பில் ஏசி கார்டு என்றால் சாதாரண ஏசி1200 ரவுட்டரே தாராளம். பிளான் அதற்கு மேல் போனால் மட்டும் ரவுட்டரில் வயர் சொருகும் போர்ட்டுகள் கிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்) என்று பாருங்கள். மலிவான ஏசி1200 பலவற்றில் போர்ட் 100-தான். வாசலிலேயே 100-க்கு வடிகட்டிவிட்டு உள்ளே 867 எதற்கு?

வேகம் குறைவதாவது பரவாயில்லை. ரவுட்டரின் பெயரே லேப்டாப்பில் தெரியாமல் போவதுதான் ஆட்களை அலைய வைக்கிறது. சேரன்மகாதேவிப் பக்கத்துக் கல்லூரிப் பெண் ஒருத்தி இன்டெல் 7265 கார்டு உள்ள லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். நல்ல டூயல் பேண்ட் ஏசி கார்டு. வீட்டில் வைஃபை 6 ரவுட்டர் மாட்டிய அன்றிலிருந்து பெயர் காட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பழைய ரவுட்டர் காட்டுகிறது, போன் ஹாட்ஸ்பாட் காட்டுகிறது, சொந்த வீட்டு ரவுட்டர் மட்டும் இல்லை. வேறொரு கடையில் "கார்டு போயிட்டு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கார்டு நன்றாகத்தான் இருந்தது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் பழசு. இன்டெல்லின் பழைய டிரைவர்களுக்கு வைஃபை 6 ரவுட்டர் விடும் புது மாதிரி அறிவிப்பு புரியாது, அதனால் பட்டியலிலேயே சேர்க்காது. அவள் போனை யூஎஸ்பி வயரில் இணைத்து நெட் எடுத்து, இன்டெல் தளத்திலிருந்து புது டிரைவரை இறக்கினேன். ரீஸ்டார்ட் ஆனதும் பெயர் வந்துவிட்டது. அவளிடம் ஐம்பது ரூபாய் வாங்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

டிரைவர் புதிதாக இருந்தும் இணையவில்லை என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பைப் பார்க்க வேண்டும். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறை மட்டும் என்று வைத்திருந்தால் பழைய கார்டுகள் கதவுக்கு வெளியேதான் நிற்கும். விண்டோஸ் 7-க்கு அது தெரியவே தெரியாது. விண்டோஸ் 10-இலும் 2019-இல் வந்த 1903 பதிப்பிலிருந்துதான். டபிள்யூபிஏ2-வுக்கு மாற்றிவிட்டால் போதும். அவசரத்தில் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்துவிடாதீர்கள், அப்படியும் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன்.

வண்ணார்பேட்டை அபார்ட்மென்ட் ஒன்றில் நடந்தது இதைவிட வேடிக்கை. மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த லேப்டாப். வீட்டு வைஃபை சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. அமாவாசைக்கு அமாவாசை வருகிற வியாதி போல. ரவுட்டரைப் பார்த்தால் சேனல், அதாவது பேண்டுக்குள் ரவுட்டர் பிடிக்கும் தடம், தானே தேர்ந்துகொள்ளும் 'ஆட்டோ'வில் இருந்தது. 2.4-இல் நம் நாட்டில் 13 சேனல் வரை ஓடலாம். அமெரிக்க வழக்கத்துக்கு அமைத்த கார்டுகள் 11-க்கு மேல் பார்ப்பதில்லை. ரவுட்டர் 13-க்குப் போன நாளெல்லாம் அந்த லேப்டாப்புக்கு அது இல்லாத ரவுட்டர். சேனலை 6-இல் நிறுத்தினேன். காப்பி கொடுத்தார்கள்.

ஃபைபர்காரர்கள் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கடையில் வாங்கிய ரவுட்டரை மாட்ட முடியாது. கண்ணாடி இழையில் வரும் வெளிச்சத்தைப் படிப்பது அந்தப் பெட்டிதான். அதன் லேன் போர்ட்டிலிருந்து ஒரு வயர் இழுத்து உங்கள் ரவுட்டரில் சொருக வேண்டும். பழைய தொலைபேசிக் கம்பிக்கான மோடம் ரவுட்டரைத் தெரியாமல் வாங்கி வந்தால் திருப்பிக் கொடுப்பதுதான் வழி.

நம் ஊர்ப் பழைய வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பக்கத் தார்சாவில் ரவுட்டர், உள்ளே இரண்டாம் கட்டில் லேப்டாப், நடுவில் ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சுணங்கும். 2.4 மெதுவானது, ஆனால் ஊடுருவிப் போகும். அதனால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அறையில் எது நன்றாக இருக்கிறதோ அதை நீங்களே தேர்ந்துகொள்ளலாம்.

பெரியவருக்கு வருவோம். கார்டையே மாற்றலாமா என்று லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினேன். கட்டைவிரல் அகலப் பச்சைத் தகடு, அதில் ஒரே ஒரு கறுப்பு ஆன்டெனா வயர். இரண்டாவது வயருக்கு இடம் மட்டும் இருக்கிறது, வயர் இல்லை. புது இரட்டை ஆன்டெனா கார்டு போட்டாலும் பாதிதான் பயன். சில பழைய லேப்டாப்புகள் தங்கள் கம்பெனிப் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் பூட் ஆகவே மறுக்கும், அந்தப் பயமும் உண்டு. ஏஎக்ஸ்201 போன்ற இன்டெல் வைஃபை 6 கார்டுகள் அதற்கேற்ற இன்டெல் ப்ராசசர் இருந்தால்தான் ஓடும் என்பதால் அதை யோசிக்கவே வேண்டாம். கடைசியில் டூயல் பேண்ட் யூஎஸ்பி அடாப்டர் ஒன்றை நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் சொருகிக் கொடுத்தேன். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

நாலு நாள் கழித்து போன் செய்தார்.

"தம்பி, இப்பம் ரெண்டாங்கட்டு வரைக்கும் நல்லா வருது. புறவாசல்லதான் வரமாட்டுக்கு."

"புறவாசல்ல உக்காந்து என்ன பண்ணப் போறீங்க அண்ணாச்சி?"

"அங்கதானல காத்து வருது" என்றார்.