மண் பரிசோதனை அறிக்கையில் பலரும் கவனிக்காத அங்ககக் கரிமம்

மண் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கும் உழவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடுவது தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றின் அளவைத்தான். எந்த உரத்தை எவ்வளவு இட வேண்டும் என்ற கேள்விக்கு விடை அங்கே இருப்பதால் அதில் வியப்பில்லை. அதே அறிக்கையில் அங்ககக் கரிமம் (மண்ணில் மட்கும் தாவர, உயிரின எச்சங்களிலுள்ள கார்பன்) என்ற பெயருக்கு நேரே 0.4 விழுக்காடு என்றோ 0.6 விழுக்காடு என்றோ ஒரு சிறிய எண் இருக்கும். மண் ஆய்வுப் பணியில் இருக்கும் நான், அறிக்கையை விளக்கும்போது அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறேன். மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதும், இட்ட உரம் வேருக்கு எட்டும் இடத்தில் நிற்பதும், நுண்ணுயிர்கள் உயிரோடிருப்பதும் பெருமளவு அதையே சார்ந்திருக்கின்றன.

ஒரு எக்டேர் நிலத்தின் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 2,250 டன் எடையுள்ளது. அதில் அரை விழுக்காடு கரிமம் என்றால் 11 டன்னுக்குச் சற்று மேல். மட்கில், அதாவது சிதைந்து மண்ணோடு கலந்த அங்ககப் பொருளில், பத்து அல்லது பன்னிரண்டு பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருப்பது இயல்பு என்பதால், அந்த நிலத்தின் மட்கில் மட்டும் ஏறத்தாழ ஒரு டன் தழைச்சத்து அடங்கியிருக்கிறது. ஆண்டுதோறும் அதில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை நுண்ணுயிர்களால் சிதைந்து பயிர் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு வருகிறது; அதாவது எக்டேருக்கு 10 முதல் 30 கிலோ வரை. கரிமம் குறையக் குறைய மண் தானாகத் தரும் இந்தப் பங்கும் சுருங்குகிறது.

ஆயினும், சத்துக் கணக்கைவிட மண்ணின் கட்டமைப்பைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். மணல், வண்டல், களி ஆகிய துகள்களை வேர்க்கசிவுகளும் பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பசைப்பொருள்களும் சேர்த்துப் பிணைத்துச் சிறு மணிக்கட்டிகளாக்குகின்றன. அக்கட்டிகளுக்கு இடையிலுள்ள பெரிய துளைகள் வழியே நீரும் காற்றும் செல்கின்றன. உள்ளேயுள்ள நுண்துளைகள் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. பிணைப்பு தளர்ந்த மண்ணில் மழைத்துளி விழுந்ததும் கட்டி உடைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைத்து, காய்ந்தபின் மேற்பரப்பில் ஓடுபோல் இறுகிவிடுகிறது. விதை முளைத்தாலும் முளை வெளியே வர இயலாமல் போகிறது.

இதை எவரும் தம் வயலிலேயே சோதித்துப் பார்க்கலாம். நிழலில் நன்கு உலர்ந்த ஒரு சிறு மண்கட்டியைக் கண்ணாடிக் குவளையிலுள்ள நீரில் மெல்ல வையுங்கள். சில நிமிடங்களில் பொலபொலவென்று சரிந்தால், பிணைக்கும் அங்ககப் பொருள் போதவில்லை என்று கொள்ளலாம். நெடுநேரம் கழித்தும் நீர் தெளியாமல் பால்போல் கலங்கி நின்றால் காரணம் பெரும்பாலும் வேறு: மண்ணில் சோடியம் மிகுந்திருக்கக்கூடும். அந்நிலையில் எருவை மட்டும் கொட்டிக்கொண்டிருப்பதால் பயன் குறைவு. கார அமில நிலையையும் சோடிய அளவையும் ஆய்ந்தறிந்து, தேவையெனில் ஜிப்சம் இட்டு வடிகால் அமைக்க வேண்டும்.

கரிமம் குறைவதற்கு மிகையான உழவு ஒரு முக்கியக் காரணம். மண்கட்டிக்குள் பாதுகாப்பாக இருந்த அங்ககப் பொருள் உழும்போது வெளிப்பட்டுக் காற்றோட்டம் பெறுவதால், நுண்ணுயிர்கள் அதை விரைந்து சிதைத்துக் கரியமில வாயுவாக வெளியேற்றுகின்றன. வெப்பம் கூடினால் இச்சிதைவும் விரைவுபடும். அறுவடைக் கழிவை எரிப்பது இன்னும் நேரடியான இழப்பு. அதிலிருந்த கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விட, சாம்பல்சத்து போன்ற சிலவே எஞ்சுகின்றன.

அறுவடைக்குப் பின் எஞ்சும் தாளை (வைக்கோல், தட்டை) எரிக்காமல் மடக்கி உழுத ஆண்டில் பயிர் மஞ்சளாகிவிட்டது என்ற முறையீட்டை உழவர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கிறேன். அவர்கள் கண்டது உண்மையே. தானியப் பயிர்களின் தாளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 80 பங்கு அளவுக்குக் கரிமம் இருக்கும். அதை உண்ணும் நுண்ணுயிர்கள் தம் வளர்ச்சிக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், சில வாரங்களுக்குப் பயிருக்குத் தட்டுப்பாடு ஏற்படுகிறது. விதைப்புக்குப் போதிய வாரங்கள் முன்னதாகவே மடக்கி உழுவதும், தழைச்சத்து மிகுந்த பயறுவகைப் பசுந்தாளை அதனோடு சேர்ப்பதும் இதைத் தவிர்க்கும். தாளை மூடாக்காக மேலே விட்டுவைத்தால் இத்தட்டுப்பாடு மிகக் குறைவு.

செயற்கை உரத்தையே பகையாகக் காண்போரோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் தொடர்ந்து நடைபெறும் பிராட்பால்க் கோதுமை ஆய்வில், ஆண்டுதோறும் தொழுவுரம் பெற்ற பாத்தியின் கரிமம் எதுவும் இடாத பாத்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்துள்ளது. அதே வயலில் செயற்கை உரம் மட்டும் முறையாகப் பெற்ற பாத்திகளிலும், பயிர் செழித்து வேரும் தட்டையும் கூடுதலாக மண்ணுக்குத் திரும்பியதால், எதுவும் இடாத பாத்தியைவிடக் கரிமம் சற்று மிகுந்தே உள்ளது. அங்குள்ள மற்றொரு வயலில் 1852 முதல் 1871 வரை தொழுவுரம் இட்டு நிறுத்திய பகுதியில், ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் அதன் தாக்கத்தை அளக்க முடிந்தது.

இந்த எண் உயர்வதற்குக் காலம் பிடிக்கும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன 15 சென்டிமீட்டர் ஆழத்தில் கரிமத்தை 0.1 விழுக்காடு உயர்த்துவதற்கு எக்டேருக்கு இரண்டேகால் டன் கரிமம் மண்ணிலேயே தங்க வேண்டும். நாம் சேர்க்கும் கழிவிலுள்ள கரிமத்தில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ முதல் ஓராண்டிலேயே கரியமில வாயுவாகிவிடும். ஒரே பருவத்தில் மண்வளத்தை மாற்றிக்காட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் கலவைகளை வாங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே ஆண்டுதோறும் அளந்து சோர்வடைய வேண்டாம். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அளந்தால் போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே பருவத்தில், அதே 15 சென்டிமீட்டர் ஆழத்தில், எருக்குவியல், வரப்பு, மரநிழல் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலின் பல இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து மாதிரியாக்குங்கள். இயன்றவரை அதே ஆய்வுக்கூடத்துக்கே அனுப்புங்கள். மண்ணை வேதிக் கரைசலோடு வினைபுரியச் செய்து அளக்கும், பரவலாகக் கையாளப்படும் வாக்லி–பிளாக் முறை கரிமத்தின் ஒரு பகுதியை மட்டுமே நேரடியாக அளந்து, மீதியைத் திருத்தக் காரணியால் கணக்கிடுகிறது. மண்ணை உயர் வெப்பத்தில் எரித்து அளக்கும் உலர் எரிப்பு முறையில் பெற்ற எண்ணை அதனோடு ஒப்பிட்டால், மண்ணில் நேராத ஏற்றமோ இறக்கமோ அறிக்கையில் தெரியக்கூடும்.