புற்று பரவிய எலும்புக்கு உடற்பயிற்சி ஆகுமா?

"புரோஸ்டேட் புற்றுநோய் அப்பாவின் இடுப்பெலும்புக்குப் பரவிவிட்டது. நடந்தால் எலும்பு முறிந்துவிடும் என்று பயந்து, கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. சரிதானா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பயம் நியாயமானதுதான். எலும்பைக் கரைக்கும் செல்களும் கட்டும் செல்களும் போட்டிருக்கும் கணக்கைப் புற்று குலைத்துவிடும். இந்த நோய்க்குத் தரும், ஆண் ஹார்மோனைக் குறைக்கும் சிகிச்சையும் எலும்பை மெலியவைக்கும். ஆனால் படுத்தே கிடப்பதும் எலும்பைத் தின்னும்.

காரணம், எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள். கட்டும் செல்களில் சில, தாங்கள் எழுப்பிய சுவருக்குள்ளேயே அடைபட்டு இப்படி மாறுகின்றன. எலும்புச் செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் இவைதான். தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லிய கிளைகளை நுண்ணிய கால்வாய்கள் வழியே நீட்டி, பக்கத்துச் செல்லைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கால்வாய் நிறைய திரவம். நாம் காலை ஊன்றும்போது எலும்பு இம்மியளவு வளையும். ஈரப் பஞ்சைப் பிழிந்ததுபோல் திரவம் அழுந்திய பக்கத்திலிருந்து ஓடும். ஓடும்போது அந்தக் கிளைகளை உரசும். அந்த உரசலை உணர்ந்ததும் செல் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. கட்டும் செல்களைத் தடுத்து வைத்திருந்ததே அந்தப் புரதம்தான். எவ்வளவு அழகான ஏற்பாடு! அதுவும் வளைந்த எலும்பில்தான் வேலை நடக்கும். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மட்டும் தடித்திருப்பது இதனால்தான்.

அப்படியானால் புற்று இருக்கும் இடத்தை ஒதுக்கிவிட்டு, மற்ற இடங்களுக்குப் பளு கொடுக்கலாமே? ஆஸ்திரேலியாவின் எடித் கோவன் பல்கலைக்கழகத்தார் இதைத்தான் செய்தார்கள். முதுகெலும்பில் புற்று என்றால் குனிவதும் திருகுவதும் கிடையாது. தொடை எலும்பின் மேல்பகுதி என்றால் இடுப்பு மூட்டை மடக்கி நீட்டும் பயிற்சி கிடையாது, நடைக்குப் பதில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள். 2018இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 57 பேர். மூன்று மாதப் பயிற்சியில் கால் பலம் கூடியது. பயிற்சியால் யாருக்கும் எலும்பு முறியவில்லை, வலியும் கூடவில்லை.

57 பேர் போதாது. மாத்திரை விற்க வழியில்லாத ஆய்வுக்குக் கம்பெனிகள் பணம் போடாது. அரசுதான் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, அந்த அப்பாவுக்கு? ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு முதலில் புற்றுநோய் மருத்துவரையும், அப்புறம் ஃபிசியோதெரபிஸ்ட்டையும் பாருங்கள். எந்த எலும்பில், எவ்வளவு அரிப்பு என்று தெரியாமல் எதையும் தொடங்க வேண்டாம். புதிதாக வலி வந்தால் அன்றே நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்தால், நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டி மடக்குவதிலிருந்து அவர் தொடங்கலாம்.