ஏ4 தாளின் மேல் நிற்கும் கார்

சிங்கப்பூரின் சின் மிங் பட்டறையில் மச்சானின் ஸ்டேஷன் வேகன் ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. சிஓஇ-யை, அதாவது வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழை, புதுப்பித்து வைத்திருக்கிறார். பத்து வருடத்தைத் தாண்டிய கார் என்பதால் சாலை வரிக்கு மேல் கூடுதல் கட்டணம், வருடா வருடம் பரிசோதனை. இவ்வளவுக்கும் காசு கொடுத்த மனுஷர், டயரில் போய் ஏன் சிக்கனம் பிடிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

"அகலமாப் போட்டா ரோட்டைக் கூடப் பிடிக்கும்தானே மச்சான்? இருநூத்து இருபத்தஞ்சு போடலாம்னு இருக்கேன்" என்றார். பட்டறை அங்கிள் மறுப்பே சொல்லவில்லை. "கேன், கேன்" என்று தலையாட்டினார். அவருக்கென்ன, புது ரிம்மும் சேர்ந்து விற்கும்.

கேள்வி நியாயமானதுதான். பந்தயக் கார்களைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் வருகிற எண்ணம் அது. ஆனால் "அகலம் கூடினால் சாலையைத் தொடும் ரப்பரும் கூடும்" என்று அதற்கு அடியில் ஒரு கணக்கை வைத்திருக்கிறோமே, அது பெரும்பாலும் தவறு.

முதலில் டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். மச்சானின் வண்டியில் இருந்தது 195/65R15 91H. 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தில் 65 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 127 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல், டயருக்குள் இருக்கும் நார்கள் குறுக்காக ஓடும் வகை. 15 அங்குலம் ரிம்மின் விட்டம். 91 சுமைக் குறியீடு, ஒரு டயர் 615 கிலோ தாங்கும். ஹெச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை ஓடத் தகுதி. அதிகபட்ச வேக வரம்பே 90ஆக இருக்கும் ஊரில் அந்தக் கடைசி எழுத்து வெறும் அலங்காரம்.

இப்போது அந்த ரப்பர் கணக்கு. ஆளோடு சேர்த்து வண்டி 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 350 கிலோ. அதைத் தாங்குவது டயர் என்று சொல்கிறோம், உண்மையில் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்று. 32 பிஎஸ்ஐ அழுத்தம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 22 நியூட்டன். 350 கிலோவின் எடை 3,430 நியூட்டன். வகுத்துப் பார்த்தால் 156 சதுர சென்டிமீட்டர் வரும். டயர் தரையில் எவ்வளவு பரப்புக்குப் பதிய வேண்டும் என்பதை இந்த வகுத்தல்தான் தீர்மானிக்கிறது. அதில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நாலு சக்கரத்துக்கும் சேர்த்தால் 624 சதுர சென்டிமீட்டர். வீட்டுப் பிரின்டரில் போடுகிறோமே ஏ4 தாள், அதன் பரப்பும் அதேதான். குடும்பத்தோடு தீவு விரைவுச்சாலையில் போகும்போது ஒரு காகிதத்தின் மேல்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

அகல டயர் போட்டால் காகிதத்தின் பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும். 195 டயர் தரையில் பதியும் தடம் 15 சென்டிமீட்டர் அகலம் என்றால் நீளம் பத்துக்குச் சற்று மேல். 225 டயரில் அகலம் 18 ஆகும், நீளம் ஒன்பதுக்கும் கீழே இறங்கும். டயரின் சட்டகமும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் கணக்கு அச்சு அசலாக இப்படியே வராது. ஆனாலும் விஷயம் இதுதான்.

அப்படியானால் பந்தயக்காரர்கள் எல்லாரும் முட்டாள்களா? இல்லை. உராய்வு எடையைத்தான் பொறுத்தது, தொடு பரப்பைப் பொறுத்ததல்ல என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். 1699இல் அமோந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்த விதி. மரத்துக்கும் இரும்புக்கும் ஓரளவு பொருந்தும், ரப்பருக்குப் பொருந்தாது. பிசைந்த சப்பாத்தி மாவை மேசையில் லேசாக அழுத்தினாலே மூலை முடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மடங்கு அழுத்தினால் இரண்டு மடங்கா ஒட்டும்? ஒட்டாது. ரப்பரும் கிட்டத்தட்ட அப்படித்தான். சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து, மூலக்கூறு அளவில் பற்றிக்கொள்கிறது. எடை கூடக் கூடப் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் இல்லை. ஆகவே அதே எடையை மெல்லப் பரப்பி வைத்தால் ரப்பர் நன்றாகப் பிடிக்கும்.

மெல்லப் பரப்ப வேண்டுமானால் காற்றழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அகல டயருக்குள் காற்றுக்கு இடம் அதிகம், அதனால் அதே எடையைக் குறைந்த அழுத்தத்திலேயே சுமக்க முடியும். அகலத்தின் முதல் லாபம் இதுதான். தவிர, பக்கச் சுவர் குட்டையாக இருப்பதால் வளைவில் டயர் அதிகம் சாயாது, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி திரும்பும். வெப்பமும் அதிக ரப்பரில் பரவும், எனவே பந்தயத்தில் இன்னும் மென்மையான ரப்பரைப் போடலாம். கடைசி லாபம் சிங்கப்பூரில் மச்சானுக்கு எதற்கும் உதவாது.

ரப்பர் என்றதும் தாத்தா ஞாபகம். ஜொகூரில் தோட்டத்தில் பால்வெட்டியவர். கடைசி வரை ரப்பர் மரம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, பால்மரம்தான். அந்தப் பால்மரம் இங்கே வந்த கதையும் சிங்கப்பூரில்தான் தொடங்குகிறது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் இங்குள்ள தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பட்டை சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இன்று கார் டயரின் மேல்பகுதியில் பெரும்பங்கு செயற்கை ரப்பர், கூடவே சிலிக்கா. பால்மர ரப்பர் இழுத்துவிட்டால் துள்ளித் திரும்பும், வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஈரச் சாலையில் பிடிப்புக்கு வேண்டியது நேர் எதிர். கல்முனையில் நசுங்கிய ரப்பர் கொஞ்சம் சோம்பேறித்தனமாகத் திரும்ப வேண்டும். அந்த இழப்புதான் பிடிப்பாக மாறுகிறது. டயரின் ஈரப்பிடிப்பு பெரிதும் இந்தக் கலவையைப் பொறுத்தது. மலிவான 225ஐவிட நல்ல கலவையில் செய்த 195 மேல் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஈரம் என்று வந்துவிட்டோம். நம் ஊரில் இதுதான் முக்கியமான விஷயம். ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஏறத்தாழ 171 நாள் மழைநாள். இரண்டு நாளில் ஒரு நாள் என்றே வைத்துக்கொள்ளலாம். பெய்தால் தூறலா போடுகிறது? வைப்பர் முழு வேகத்தில் ஆடியும் முன்னால் போகும் லாரி தெரியாத மழை.

1960களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹோர்ன் என்ற பொறியாளர், தண்ணீர் நிற்கும் ஓடுபாதையில் விமான டயர்கள் ஏன் பிடிப்பை இழக்கின்றன என்று ஆராய்ந்தார். அவர் கொடுத்த சூத்திரம் ரொம்ப எளிது. டயரின் அழுத்தத்துக்கு வர்க்கமூலம் எடுத்து, அதை 9ஆல் பெருக்கினால், எத்தனை நாட் (கப்பல், விமான வேகத்தின் அளவு) வேகத்தில் டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும் என்று தெரிந்துவிடும். வேகம் கூடக் கூட டயரின் முன்னால் தண்ணீர் கொடுக்கும் எதிர் அழுத்தம் கூடுகிறது. அது டயரின் அழுத்தத்தை எட்டியதும் டயர் தரையை விட்டுவிடுகிறது. கிலோமீட்டருக்கு மாற்றினால் 32 பிஎஸ்ஐக்கு மணிக்கு 94. அதே டயரில் காற்று 28க்கு இறங்கியிருந்தால் 88.

விரைவுச்சாலையின் வரம்பு 90. அதாவது நாலு பிஎஸ்ஐ காற்றுக் குறைவு, மிதக்கும் வேகத்தை வரம்புக்கு மேலேயிருந்து கீழே இழுத்துவிடுகிறது. பூ தேய்ந்த டயருக்கும் நன்றாகத் தேங்கிய நீருக்கும்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். ஆழமான பூ இருந்தால், நீர் மெல்லியதாக இருந்தால், இன்னும் தாக்குப்பிடிக்கும். டயரின் வரிப்பள்ளங்களைத்தான் பூ என்கிறேன். மலாய்க்காரர்கள் 'புங்கா' என்பதும் அதைத்தான்.

ஹோர்னின் சூத்திரத்திலும் அகலம் இல்லையே என்று கேட்பீர்கள். சரி, தண்ணீரின் பக்கத்திலிருந்து பாருங்கள். 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். தடத்தின் நடுவில் சிக்கிய நீர், டயர் அந்த இடத்தைக் கடப்பதற்குள் வெளியே போய்விட வேண்டும். 195 டயரில் நீருக்குக் கிடைப்பது 4.2 மில்லிநொடி, ஓட வேண்டியது பக்கத்துக்கு 7.5 சென்டிமீட்டர். 225 டயரில் தடம் குட்டை, ஆகவே நேரம் 3.5 மில்லிநொடி. ஓட வேண்டியதோ 9 சென்டிமீட்டர். தூரம் கூடியது, அவகாசம் குறைந்தது. இரண்டு மில்லிமீட்டர் நீர் நிற்கிறது என்றால் 195 டயர் ஒவ்வொன்றும் நொடிக்கு ஏழரை லிட்டர் தள்ள வேண்டும், 225 டயர் 9 லிட்டர். இதில் பிடிப்புக்காகக் காற்றையும் குறைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். காய்ந்த சாலையில் எந்தக் காரணத்துக்காக அகல டயர் நன்றாகப் பிடித்ததோ, அதே காரணம் மழையில் அதற்கு எதிரியாகிறது.

பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. புது டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். அகல டயர் போடுபவர் 1.6 வரை காத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி.

அப்புறம், பொருந்துமா என்ற கேள்வி. மச்சான் பார்த்துவைத்திருந்தது 225/50R16. மொத்த விட்டம் 631 மில்லிமீட்டர், பழையது 634. அரை விழுக்காடுதான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. சிக்கல் விட்டத்தில் இல்லை, ரிம்மின் ஆஃப்செட்டில். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது அச்சில் போய் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். பழைய ரிம்மில் 45, அங்கிள் காட்டிய ரிம்மில் 35. கணக்குப் போட்டால் டயரின் வெளி விளிம்பு 25 மில்லிமீட்டர் வெளியே வருகிறது, உள் விளிம்பு 5 மில்லிமீட்டர் உள்ளே போகிறது. வெளியே வந்தது மட்கார்டைத் தாண்டி நீட்டினால் பரிசோதனையில் தேறாது. உள்ளே போனது ஸ்பிரிங்கையோ ஷாக் அப்சார்பரையோ தொடலாம்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாதது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் ஒரு கற்பனைக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. அந்தக் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் தடத்தின் நடுவுக்கும் உள்ள தூரம் நெம்புகோல் மாதிரி. ஆஃப்செட் 10 குறைந்தால் தடம் 10 மில்லிமீட்டர் வெளியே போகும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குட்டையில் இறங்கும்போது ஸ்டியரிங் கையை இழுக்கிறதே, அது பல வண்டிகளில் இன்னும் வலுவாக இழுக்கும்.

ஸ்டேஷன் வேகனுக்கென்று ஒரு தனிக் கவலை உண்டு. செடான் காரில் பின்னால் ஏற்றுவதற்கு அளவு இருக்கிறது. வேகனில் இடம் இருக்கும்வரை ஏற்றிக்கொண்டே போவோம், அதற்குத்தானே வாங்கியது. இணையத்தில் சிலர் அழகுக்காக 205/50R15 பரிந்துரைக்கிறார்கள். அந்த அளவில் பரவலாகக் கிடைப்பதன் சுமைக் குறியீடு 86, டயருக்கு 530 கிலோ. பின்பக்க இரண்டும் சேர்ந்து 1,060 கிலோ, முன்பு தாங்கியது 1,230. அகலம் கூடியும் சுமைத் திறன் குறைந்துவிட்டது, பக்கச் சுவர் குட்டையாகி உள்ளே காற்று குறைந்ததால்.

உரசுமா என்று ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம் என்றேன். மகளின் பசைமண்ணில் கொஞ்சம் எடுத்து, விரல் மொத்தத்துக்கு உருட்டி, பின்சக்கர வளைவின் உள்விளிம்பில் நாலு இடத்தில் ஒட்டினோம். பழைய டயரோடுதான். மச்சான் குடும்பத்தைப் பின்னால் உட்காரவைத்து, சாமான் இடத்தில் இரண்டு அரிசி மூட்டையும் ஒரு டிரம் தண்ணீரும் ஏற்றி, எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் பல மாடி கார் நிறுத்துமிடத்தில் சுற்றிச் சுற்றி மேல்தளம் வரை போய் இறங்கினார். ஒவ்வொரு தளத்திலும் ஒரு வேகத்தடை, ஒரு இறுக்கமான வளைவு. கோலாலம்பூர் போய்வருவதைவிட நல்ல சோதனை.

இறங்கிப் பார்த்தபோது மூன்று உருண்டைகள் ஒட்டினபடியே இருந்தன. நாலாவது, இடப்பக்கம் பின்னால் இருந்தது, தட்டையாகி டயரின் வரியே அதில் பதிந்திருந்தது. மீதமிருந்த கனம் என் கட்டைவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. 195 டயருக்கே அவ்வளவுதான் இடம். அதற்குள் இன்னும் 25 மில்லிமீட்டர் எங்கே போகும்?

மச்சான் பசைமண்ணை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் போட்டது 205/60R15, பழைய ரிம்மிலேயே. சுமைக் குறியீடு அதே 91. அகலம் பக்கத்துக்கு வெறும் 5 மில்லிமீட்டர் கூடுதல், விட்டம் 7 மில்லிமீட்டர் குறைவு. ஸ்பீடோமீட்டர் 90 காட்டும்போது உண்மையில் 89 போகும். புது ரிம்முக்கு எடுத்துவைத்த காசில் பாதிக்கு ஈரப்பிடிப்பில் நல்ல பெயர் எடுத்த டயராகத் தேடினோம். பக்கச் சுவரில் நாலு இலக்கத் தேதிக் குறியீட்டையும் பார்த்துத்தான் வாங்கினோம். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது என்று பொருள். முதலில் அங்கிள் எடுத்து வந்த செட் நாலு வருடம் அலமாரியில் கிடந்தது. "சேம், சேம்" என்றார். மாற்றித் தரச் சொன்னோம்.

இப்போது மச்சான் மாதத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால், பெட்ரோல் நிலையத்தில் காற்று பார்க்கிறார். மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. 32க்குக் கீழே இருந்தால் எனக்குப் படம் எடுத்து அனுப்புவார், என்னவோ நான்தான் காற்றைத் திருடிய மாதிரி.