ஒரு ரூபாய் வட்டி என்றால் எத்தனை சதவீதம்?

திருத்தணி தாண்டி வடக்கே போனால் நகரி, புத்தூர். ஆந்திராதான், ஆனால் வீட்டுக்குள் தமிழ் பேசும் விசைத்தறிக் குடும்பங்கள் அங்கே நிறைய. அந்தப் பக்கம் வட்டியைச் சதவீதத்தில் சொன்னால் உறைக்காது. "ரெண்டு வட்டி", "மூணு வட்டி" என்பதுதான் பேச்சு. மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது வருடத்துக்கு 36 சதவீதம். வங்கி சொல்லும் 12 சதவீதம் இந்தக் கணக்கில் ஒரே ஒரு ரூபாய் வட்டி. "பன்னெண்டா? நம்ம ஊர்ல மூணுதானே!" என்று ஒருவர் கேட்டால் சிரிப்பதற்கில்லை. ஒன்று வருடக் கணக்கு, இன்னொன்று மாதக் கணக்கு என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆந்திர அரசு இதைப் புரிந்துகொண்டு 2004-ல் மகளிர் குழுக் கடனுக்கு 'பாவலா வட்டி' என்று பெயர் வைத்தது. பாவலா என்றால் தெலுங்கில் நாலணா. நூறுக்கு மாதம் 25 பைசா, வருடத்துக்கு 3 சதவீதம். சதவீதத்தில் பெயர் வைத்திருந்தால் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

சரி, சிறுகடன் வறுமையை எப்படிக் குறைக்கிறது? கடை வைப்பார், மாடு வாங்குவார், முன்னேறுவார் என்றுதான் வழக்கமாகச் சொல்வோம். அதற்கு முன்பே ஒன்று நடந்துவிடும். 30,000 ரூபாய் மூன்று வட்டிக் கடனுக்கு மாதம் 900 ரூபாய் வட்டி. அதைக் குழுக் கடன் வாங்கி அடைத்து ஒரு ரூபாய் வட்டிக்கு மாற்றினால் 300. புதிதாக ஒரு வேலையும் செய்யாமல் மாதம் 600 ரூபாய் கையில் நிற்கிறது.

அடமானம் இல்லாமல் வங்கி எப்படி நம்புகிறது? பத்துப் பன்னிரண்டு பெண்கள் மாதாமாதம் சேமிக்கிறார்கள், அந்தப் பணத்தையே தங்களுக்குள் கடனாகச் சுற்றவிடுகிறார்கள், எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வங்கி குழுவுக்குக் கடன் தருகிறது. யார் வீட்டில் குடிக்கிறார்கள், யாருக்கு நிஜமாகவே ஆஸ்பத்திரிச் செலவு என்பது மேனேஜருக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். ஒருத்தி தவணை தவறினால் அடுத்த கடன் எல்லோருக்கும் சிக்கலாகும். 1992-ல் நபார்டு, அதாவது விவசாயத்துக்கும் கிராம வளர்ச்சிக்குமான தேசிய வங்கி, 500 குழுக்களை வைத்துப் பரிசோதனையாகத் தொடங்கிய ஏற்பாடு இது.

படிப்பு இங்கேதான் தேவைப்படுகிறது. 30,000 கடன், 12 சதவீத 'ஃபிளாட்' வட்டி, 12 மாதத் தவணை என்று வையுங்கள். ஃபிளாட் என்றால், அசல் குறையக் குறையவும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி. வட்டி 3,600, மாதம் 2,800 கட்ட வேண்டும். இதில் அசல் 2,500, வட்டி 300. கடைசி மாதம் கடன்காரியிடம் மிச்சமிருக்கும் அசல் 2,500தான், ஆனால் அதற்கும் முழுசாக 300 வட்டி. அந்த மாதத்துக்கு மட்டும் பன்னிரண்டு வட்டி! குறையும் அசலுக்கு மட்டும் ஒரு ரூபாய் வட்டி போட்டிருந்தால் மொத்தமே 1,950தான். ஆக, 12 என்று சொன்ன வட்டி உண்மையில் 22-ஐ நெருங்குகிறது. இதைப் பிடிக்கப் பட்டப்படிப்பு வேண்டாம். கூட்டல், கழித்தல், தவணை அட்டையை வாசிக்கும் துணிச்சல் போதும். எல்லையோரத் தமிழ்க் குடும்பத்துக்கு அட்டை தெலுங்கில் வந்தால் அது வேறு தலைவலி.

முதியோர் கல்வியின் பலன் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1990-களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளிப் பாடப் புத்தகத்தில், சாராயக் கடையை மூடவைத்த பெண்களின் கதை ஒன்று இருந்தது. துபகுண்டா கிராமத்துப் பெண்கள் அதை வாசித்துவிட்டுத் தங்கள் ஊர்க் கடையையே மூடவைத்தார்கள். அது பரவி 1993-ல் மாநிலம் முழுக்கச் சாராயம் தடையானது. அப்புறம், சாராயத்துக்குப் போன காசில் தினம் ஒரு ரூபாய் என்று சேமிப்புக் குழுக்கள் முளைத்தன.

இதனால் கடன் கொடுத்தாலே வறுமை போய்விடும் என்று நினைக்க வேண்டாம். ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளில் பொருளாதார அறிஞர்கள் பானர்ஜி, டுஃப்லோ குழு செய்த ஆய்வில், சிறுகடன் கம்பெனி வந்த இடங்களில் தொழில் முதலீடு கூடியது; குடும்பத்தின் சராசரிச் செலவோ பிள்ளைகளின் படிப்போ பெரிதாக மாறவில்லை. 2010-ல் ஆந்திராவில் ஒரே வீட்டில் மூன்று நான்கு கம்பெனிக் கடன்கள் குவிந்து, வசூல் நெருக்கடியும் தற்கொலைகளும் செய்தியான பிறகு, அரசு அவசரச் சட்டம் போட்டு வாராந்தர வசூலை மாத வசூலாக்கியது.

தவணைத் தேதி அவ்வளவு முக்கியமா? முக்கியம்தான். சினை மாடு வாங்கினால் கன்று ஈன்ற பிறகுதான் பால், தவணை அடுத்த வாரமே தொடங்கிவிடும். கொல்கத்தாவில் முதல் தவணைக்கு முன் இரண்டு வாரத்துக்குப் பதில் இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். தொழில் முதலீடும் பின்னாளில் லாபமும் கூடின. கட்டத் தவறியவர்களும் கூடினார்கள். கடன் கொடுப்பவர் கண்ணில் அந்தக் கடைசிப் பாதிதான் படுகிறது போலிருக்கிறது. மாடு கன்று போடும்வரை காத்திருக்கும் தவணை அட்டையை நான் இன்னும் பார்க்கவில்லை.