சென்சஸ் நகல் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

போன வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போனில் அழைத்தார். அவருடைய தாத்தாவின் குடும்பம் பெயரோடு இருக்கிற 1901 சென்சஸ் நகலை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்லி முன்பணம் வாங்கியிருக்கிறார், மூன்று மாதமாக ஆளைப் பிடிக்க முடியவில்லை, நீங்களாவது வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். குடும்ப வரலாறு தேடிக் கொடுக்கிற வேலையில் இருக்கிற எனக்கு வருடத்துக்கு நாலைந்து அழைப்பாவது இப்படி வருகிறது. யாராலும் முடியாதுங்கம்மா, அப்படி ஒரு நகலே கிடையாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் யாராவது, அங்கே பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தன் கொள்ளுத்தாத்தாவை சென்சஸில் கண்டுபிடித்தார் என்று சொல்லியிருப்பார். அது உண்மைதான். இங்கிலாந்தில் 1841 முதல் 1921 வரை வீடு வீடாக எழுதிய பெயர்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன, 1931 தாள்கள் மட்டும் 1942-இல் தீயில் போய்விட்டன. நம் நாட்டிலும் 1881-இலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை 2011 வரை விடாமல் கணக்கெடுத்தார்கள். ஆனால் தாள்களைக் கூட்டி அட்டவணை போட்டதும் வீட்டு வாரியாக எழுதியதை அழித்துவிடுவது இங்கே வழக்கம். 1948 சென்சஸ் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி அந்தத் தாள்களைப் பார்வையிட யாருக்கும் உரிமையும் இல்லை. உங்கள் ஊரில் எத்தனை வீடு, எத்தனை பேர் என்ற தொகை கிடைக்கும். உங்கள் தாத்தா கிடைக்க மாட்டார்.

சரி, அப்போது எங்கே போவது? கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் நேரே கோயில் புத்தகத்துக்குப் போங்கள். (மற்றவர்களுக்குப் பழைய கிரயப் பத்திரம்தான் முதல் வாசல். "இன்னார் குமாரர் இன்னார்" என்று அப்பன் பெயர் விடாமல் எழுதியிருப்பார்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.) திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என்று மூன்று ஏடுகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது குடும்பப் பதிவேடு. பங்கில் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதியில்) இருக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் 1614-ஆம் ஆண்டு ரோமைச் சடங்கு நூலிலேயே இருக்கிற விதி. எல்லாப் பங்கிலும் ஒழுங்காக எழுதினார்கள் என்று சொல்ல மாட்டேன். எழுதிய இடத்தில் அது தங்கம். தகப்பன், தாய், பிள்ளைகள், கூட இருந்த விதவை அத்தை வரைக்கும் ஒரே பக்கத்தில் இருப்பார்கள். சென்சஸில் தேட நினைத்தது அதுதானே?

போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நூறு வருடத்துக்கு முன்னால் நம் ஊர் எந்தப் பங்கைச் சேர்ந்தது? இன்று தனிப் பங்காக இருக்கிற ஊர் அன்றைக்குப் பத்து மைல் தள்ளியிருந்த தாய்ப் பங்கின் கிளைக் கிராமமாக இருந்திருக்கும், புத்தகமும் அங்கேதான் இருக்கும். ஆசிரியையின் குடும்பம் இரண்டு முறை தவறான ஊருக்குப் போய், இங்கே 1935-க்கு முன்னால் ஒன்றும் இல்லை என்ற பதிலோடு திரும்பியிருக்கிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் சேகரம், அதாவது அவர்களுடைய பங்கு, பிரிந்த கதையும் இதே மாதிரிதான்.

அடுத்த சிக்கல் பெயர். இதில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்றுப் போகிறார்கள். பழைய கத்தோலிக்கப் பதிவுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். வீட்டில் ராயப்பன் என்று கூப்பிட்டவர் அங்கே பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ். அருளப்பன் யோவான்னெஸ். சூசை யோசேபுஸ். ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். நீங்கள் ராயப்பனை விரல் வைத்துத் தேடிக்கொண்டே போவீர்கள், அவர் மூன்றாவது வரியில் பெத்ருஸாக உட்கார்ந்திருப்பார். தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. 7 என்று போட்டுப் பக்கத்தில் "ப்ரிஸ்" அல்லது "ப்ர்" என்று ஒட்டி எழுதியிருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு. அதேபோல 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். ஒரு குடும்பத்தில் இதைத் தப்பாகப் படித்ததால் பிள்ளை பெற்றோரின் கல்யாணம் ஆகி ஏழே மாதத்தில் பிறந்ததாகிவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் அதை நம்பி இரண்டு வருடம் யாரிடமும் பேசாமல் மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார். இந்தப் பழைய எழுத்துமுறை தெரிந்த ஒருவரிடம் ஐந்து நிமிடம் காட்டியிருந்தால் தீர்ந்திருக்கும்.

திருமுழுக்கின்போது பிள்ளைக்குப் பொறுப்பாக நின்ற ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் தாய்மாமனோ அத்தையோதான் அப்படி நின்றிருப்பார்கள், தாய் வீட்டுக் கிளைக்கு அங்கிருந்துதான் வழி. அப்புறம் ஓரக் குறிப்பு. 1908-இல் நடப்புக்கு வந்த திருச்சபைச் சட்டம் ஒன்று, ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அந்த விவரத்தை அவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலும் எழுதச் சொன்னது. அந்த ஓரத்தில் பொடி எழுத்தில் இன்ன ஊரில், இன்ன தேதியில், இன்னாரை மணந்தார் என்று இருக்கும். படம் எடுக்கும்போது ஓரத்தை வெட்டிவிட்டு எடுத்தால் பாதித் தகவல் போச்சு.

பங்குத்தந்தையிடம் அனுமதி வாங்காமல் படம் எடுக்காதீர்கள். அனுமதி கிடைத்தால் முழுப் பக்கத்தையும் எடுத்து, அதில் ஒரு பிரதியைப் பங்கிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். போன மாதம் நான் திறந்த ஒரு புத்தகத்தில் 1880-களின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கரையான் நடுவில் விரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டிருந்தது. துளையைச் சுற்றி மை அப்படியே இருக்கிறது, பெயர் இருந்த இடம் மட்டும் இல்லை. அடுத்த மழைக்குள் எடுக்க வேண்டிய புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. 1917 திருச்சபைச் சட்டம் வருடா வருடம் ஒரு பிரதியை ஆயர் அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னது, ஆகவே பங்கில் அழிந்திருந்தால் அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

இனி பட்டாளம். "எங்க தாத்தாவோட அண்ணன் பஸ்ரா சண்டைக்குப் போனவர், திரும்பி வரலை" என்று ஆசிரியை கடைசியில் போகிறபோக்கில் சொன்னார். பஸ்ரா இன்றைய ஈராக்கில் இருக்கிறது, முதல் உலகப் போர்க் களம். எனக்கு அதுதான் முதலில் தேவைப்பட்டது. போரில் இறந்தவர்களைத் தேடுவது, பிழைத்து வந்தவர்களைத் தேடுவதைவிட எளிது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரையும், 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரையும் இறந்தவர்களை இலவசமாகத் தேடலாம். இந்தியச் சிப்பாய்கள் பலருடைய பதிவில் படை எண், படைப்பிரிவு, இறந்த தேதி, அதற்குக் கீழே தகப்பன் பெயர், ஊர், ஜில்லா என்று இருக்கும்.

பெயரை மட்டும் தட்டினால் கிடைக்காது. ஆள் சேர்த்த எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருப்பார். ராயப்பன் "ஆர்-ஏ"வில் தொடங்கலாம், "ஆர்-ஓ"விலும் தொடங்கலாம். ஞானமுத்து "ஜி"யில் இருப்பார், "என்"னிலும் இருப்பார். அதனால் நான் ஊரைப் பிடித்துக்கொண்டு தேடுவேன், அதுவும் அன்றைய எழுத்துக்கூட்டலில்: திருநெல்வேலி என்றால் டின்னவெல்லி, தூத்துக்குடி என்றால் டூட்டிகோரின், திருச்சி என்றால் ட்ரிச்சினோபொலி, ராமநாதபுரம் என்றால் ராம்நாட். வீட்டில் சொல்லும் அரைகுறைப் பேச்சையும் அலட்சியப்படுத்தாதீர்கள். "ஆப்பிரிக்காவுல சண்டை போட்டாராம்" என்றால் உளறல் என்று தள்ளிவிடுவார்கள். பாளையங்கோட்டைப் பெயரைத் தாங்கிய 63-ஆவது காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் சண்டை போட்டது.

உயிரோடு திரும்பியவர் என்றால் பழைய பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் சான்று, பென்ஷன் தாள், பதக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். முதல் உலகப் போரின் பதக்க விளிம்பில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். தயவுசெய்து அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிப் போகும். எண் கையில் இருந்தால் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) மையத்துக்கோ, அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கோ எழுதிக் கேட்கலாம். எண் இல்லாமல் எழுதுகிற கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் என்னால் இந்தப் பகுதியைக் கடக்க முடியாது. பஸ்ரா நினைவிடத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். நம் சாதாரணச் சிப்பாய்களைப் படைக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக மட்டும் போட்டார்கள். பெயர்கள் புத்தகத்தில்தான் ஏறின. முதல் உலகப் போரில் பல நாடுகளிலும் சேர்த்து இப்படிச் சமமில்லாமல் நினைவுகூரப்பட்டவர்கள் குறைந்தது 45,000 பேர், பெயரே பதியாமல் விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர் என்று அந்த ஆணையமே 2021-இல் அறிக்கை வெளியிட்டது. ஆகவே உங்கள் வீட்டுப் பெயர் அங்கே இல்லை என்றால் அவர் போகவே இல்லை என்று அர்த்தம் இல்லை.

ஆசிரியையின் பெரிய தாத்தா அந்த ஆணையத்தின் பதிவில் இருந்தார். முதல் எழுத்தே மாறியிருந்தது, ஆனால் ஊர்ப்பெயர் சரியாக இருந்தது. மெட்ராஸ் சாப்பர்ஸ், 1917. தகப்பன் பெயரைப் போனில் வாசித்தேன். அவருக்கு அந்தப் பெயர் தெரியாது, தாத்தாவின் இனிஷியலாக ஓர் எழுத்து மட்டும் தெரியும். எழுத்து பொருந்தியது. அந்தத் தகப்பன் பெயரை வைத்துக்கொண்டு இருவரும் தாய்ப் பங்குக்குப் போனோம். அண்ணன் தம்பி இருவருடைய திருமுழுக்கும் ஒரே புத்தகத்தில், சில பக்க இடைவெளியில் இருந்தன, ஒரே தகப்பன், ஒரே தாய். தம்பியின் பதிவுக்குப் பக்கத்தில் ஓரத்தில் 1924-இல் நடந்த கல்யாணம், பொடி எழுத்தில். அண்ணனின் ஓரத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆசிரியை அந்த வெற்றிடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, இரண்டு பக்கத்தையும் ஓரம் விடாமல் எடுங்க தம்பி என்றார்.