"பிடிக்க வேண்டாம், கையில கொடுத்துடுங்க"

போன வாரம் ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. கணவர் பனியன் கம்பெனியில் ஹெல்பர். இரவு ஷிப்ட் முடித்து மொபெட்டில் வீடு திரும்பும்போது லாரி மோதி, சம்பவ இடத்திலேயே போய்விட்டார். ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன். இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இ.எஸ்.ஐ. நம்பர் இருக்குங்களா?" தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு அது.

"இல்லீங்க சார். அவருதானுங்க சம்பளத்துல பிடிக்க வேண்டாம்னு சொல்லிட்டாரு."

இந்த ஆண்டில் மட்டும் இந்தப் பதிலை நான் கேட்பது நான்காவது முறை. திருப்பூர்ப் பக்கம் தொழிலாளர் வழக்குகளைப் பார்த்துவரும் எனக்கு இனி பொறுமையாக விளக்க முடியும் என்று தோன்றவில்லை. எழுதியே வைத்துவிடுகிறேன்.

அவருக்கு நாள் கூலி 450 ரூபாய். 26 நாளுக்கு 11,700. இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி கட்ட வேண்டியது 0.75 சதவீதம், அதாவது 88 ரூபாய். பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், 1,404 ரூபாய். இரண்டும் சேர்த்து 1,492. இந்தப் பணம் கைக்கு வந்தால் ஒரு குழுக் கடன் தவணை கட்டலாம். அந்த நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. பத்தாயிரம், பன்னிரண்டாயிரத்தில் வாடகை, கரண்ட் பில், பள்ளிக்கூடம் எல்லாம் பார்ப்பவருக்கு ஆயிரத்து ஐந்நூறு பெரிய தொகைதான்.

ஆனால் மறுபக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. அதே 11,700-க்கு முதலாளி இ.எஸ்.ஐ.யில் 3.25 சதவீதம் கட்ட வேண்டும், 381 ரூபாய். பி.எஃப்.பில் அவர் பங்கும் 12 சதவீதம், 1,404. மொத்தம் 1,785. நீங்கள் 1,492 ரூபாய் மிச்சம் பிடித்ததாக நினைக்கிறீர்கள். அவர் 1,785 ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டார், அதுவும் உங்கள் வாயாலேயே 'வேண்டாம்' என்று சொல்ல வைத்து. சனிக்கிழமை சம்பளக் கவரை நீட்டும்போது "பிடிச்சுக்கட்டுமா, கையில தரட்டுமா?" என்று சூப்பர்வைசர் கேட்பது உங்கள் மேல் உள்ள அக்கறையால் இல்லை.

'பிடித்தம்' என்ற சொல்லே பாதிக் கேடு. ஏதோ அபராதம் மாதிரி ஒலிக்கிறது. உங்கள் கூலியோடு சேர்ந்த இன்னொரு கூலி அது, வேறு கணக்கில் போகிறது, அவ்வளவுதான்.

அந்த 88 ரூபாய் என்ன செய்திருக்கும் என்று சொல்கிறேன். வேலையிலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ ஏற்பட்ட விபத்தில் தொழிலாளி இறந்தால், அவருடைய சராசரி நாள் கூலியில் 90 சதவீதம் குடும்பத்துக்கு வரும். இவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 405 ரூபாய். மறுமணம் செய்யாதவரை மனைவிக்கு ஆயுள் முழுக்க ஒரு பங்கு, மகனுக்கு 25 வயது வரை ஒரு பங்கு, மகளுக்குத் திருமணம் வரை ஒரு பங்கு. இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. சேர்ந்த முதல் நாள் விபத்து என்றாலும் உண்டு. பி.எஃப்.பிலும் அப்படித்தான்: வேலையில் இருக்கும்போது இறந்துவிட்டால், ஒரே ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு. பிள்ளைகளுக்குத் தனி. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் பி.எஃப்.போடு சேர்ந்த இன்சூரன்ஸ் தொகை குறைந்தது இரண்டரை லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். இந்த இன்சூரன்ஸுக்குத் தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை.

அடுத்த தவறான எண்ணம்: "வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டோம், இனி ஒண்ணும் கேக்க முடியாது." தப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. கட்டாயம். ஓவர்டைம் பணத்தை இந்த வரம்பில் சேர்க்க மாட்டார்கள். இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால், 15,000-க்குள் சம்பளம் வாங்குபவருக்குப் பி.எஃப்.பும் கட்டாயம். பீஸ் ரேட் டெய்லருக்கும் பொருந்தும், கான்ட்ராக்ட் ஆளுக்கும் பொருந்தும். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் கம்பெனிதான் பொறுப்பு. வேண்டாம் என்று சொல்லும் உரிமையைச் சட்டம் உங்களுக்கும் தரவில்லை, முதலாளிக்கும் தரவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம் வடை மடிக்கத்தான் ஆகும். பெயரைப் பதிவு செய்வதற்கு முன்பே விபத்தில் இறந்தவரும் காப்பீடு பெற்றவர்தான் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது.

அப்படியானால் பயம் எதற்கு? அவர் அங்கே வேலை பார்த்தார் என்று நிரூபிக்க வேண்டுமே! அதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் அலைச்சல். இந்த அம்மாவின் கணவர் பெயரில் சம்பள ரசீது கிடையாது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து கிடையாது. விபத்து நடந்த மறுநாள் கான்ட்ராக்டர் அவசர அவசரமாகப் பெயரைச் சேர்த்திருக்கிறார். பதிவான தேதியைப் பார்த்தாலே இ.எஸ்.ஐ. பிராஞ்ச் ஆபீஸில் இருப்பவர்களுக்கு விளங்கிவிடும்.

இன்னொரு சங்கதி. இதைச் சொன்னால் எங்கள் தொழிலில் சிலர் என் மேல் வருத்தப்படுவார்கள், பரவாயில்லை. இ.எஸ்.ஐ. கார்டு இருப்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், இரண்டு மாதம் ஓய்வு. நோய்க்கால உதவியாக 70 சதவீதக் கூலி வர வேண்டும், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. அதற்கு முந்தைய ஆறு மாதக் கணக்கில் 78 நாள் பணம் கட்டியிருக்க வேண்டும். மாதம் 26 நாள் வேலைக்குப் போனவர் அவர். கணக்கில் காட்டியதோ மாதம் 11 நாள். ஆறு மாதத்துக்கு 66. பன்னிரண்டு நாள் குறைந்ததால் ஒரு ரூபாய்கூட வரவில்லை. அதே கேட்டுக்குள் ஆபீஸில் இருப்பவர்களுக்கு எல்லா நாளும் ஒழுங்காக ஏறுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். அது ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும், படுத்திருக்கும் நாளில் வீட்டுக்கு அரிசி வாங்கித் தராது. இ-ஷ்ரம் கார்டு இருக்கிறதே என்பார்கள். அது அமைப்புசாராத் தொழிலாளர் என்ற ஒரு பதிவு மட்டும்தான். பத்துப் பேருக்குக் குறைவான ஜாப் ஒர்க் யூனிட்டில் தைப்பவர்களுக்குத்தான் உண்மையிலேயே வேறு வழி தேவை. அவர்கள் தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளட்டும்.

சரி, என்ன செய்யலாம்?

வேலைக்குச் சேர்ந்த மாதமே பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண்ணையும் பி.எஃப். கணக்குக்கான நிரந்தர எண்ணான யு.ஏ.என்.னையும் கேட்டு வாங்குங்கள். "அப்புறம் தர்றோம்" என்றால் அந்த அப்புறம் வராது. மத்திய அரசின் உமாங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளைக்குத் தெரியும். ஆதாரில் உள்ள பெயரும் பி.எஃப்.பில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும், இன்ஷியல் உட்பட. கல்யாணம் ஆனதும் நாமினியை மாற்றுங்கள். கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குவீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மெஷினில் கை மாட்டினால் ஆஸ்பத்திரியில் "வீட்டுல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். கூட வந்த சூப்பர்வைசர் சொல்லச் சொன்னாலும் சொல்லாதீர்கள். செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார், பேண்டேஜ் வரைக்கும் பார்த்துக்கொள்வார். விபத்துப் பதிவேட்டில் ஏறிய அந்த ஒரு வரியை நான் பிறகு எத்தனை மனு போட்டாலும் அழிக்க முடிவதில்லை.

அந்த அம்மாவின் மஞ்சள் பையில் அன்று கிடைத்தவை: மூன்று காலிச் சம்பளக் கவர்கள், பேனாவால் தொகை எழுதியவை. கான்ட்ராக்டர் கூகுள் பேயில் போட்ட இரண்டு அட்வான்ஸ். அப்புறம், போன ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு மாலை போட்டு எல்லோரும் நின்று எடுத்த போட்டோ, பின்னால் கம்பெனி போர்டு பாதி தெரிகிறது. இதை வைத்துத்தான் மனு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். போட்டோவில் அவர் பக்கத்தில் நிற்கும் பையன் சாட்சி சொல்ல வந்தால் நன்றாக இருக்கும். இரண்டு முறை போன் செய்தேன். அவனும் பிடிக்க வேண்டாம் என்று சொன்னவன்தான், வேலை போய்விடும் என்று பயப்படுகிறான்.