சேமிப்பறையில் ஏசி நின்ற இரண்டு நாள்

ஒரு வார இறுதியில், நான் பணிபுரியும் அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில் ஏசி நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்ததுமே முகத்தில் அடித்த காற்றில் விஷயம் புரிந்தது. வண்ணம் பூசிய மரச்சிற்பங்கள் இருந்த அலமாரிக்குத்தான் முதலில் ஓடினேன். மரம் ஈரத்தை வாங்கினால் உப்பும், விட்டால் சுருங்கும். மேலே இருக்கும் பழைய வண்ணப்பூச்சால் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாது; செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். புதிதாக ஒரு செதில்கூட எழும்பவில்லை. பிறகு ஈரப்பதப் பதிவுக் கருவிகளைக் கணினியில் இணைத்தேன். அறை நடுவே இருந்த கருவியின் கோடு நன்றாகவே ஏறியிருந்தது. மூடிய அட்டைப் பெட்டிக்குள், பொருளோடும் அமிலமற்ற காகிதத்தோடும் கிடந்த கருவியின் கோடு ஏறக்குறைய அசையவே இல்லை.

பெட்டியும் சுவரும் சும்மா இருந்தபடியே செய்யும் வேலையை, இரவு பகலாக மின்சாரம் குடிக்கும் இயந்திரத்திடம் ஏன் ஒப்படைத்தோம் என்ற கேள்வி அன்றைக்கு எனக்குள் வந்தது. இன்றும் போகவில்லை.

அரும்பொருள்களைப் பாதுகாக்கும் எங்கள் துறையில் 20 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஒப்பு ஈரப்பதம், அந்த ஈரப்பதத்தில் ஐந்து கூடலாம் ஐந்து குறையலாம் என்பது பாடம்போல் மனதில் பதிந்த கணக்கு. இதற்குப் பின்னால் ஒரு போர்க்காலக் கதை உண்டு. இரண்டாம் உலகப்போரில் லண்டன் நேஷனல் கேலரி தன் ஓவியங்களை 1941இல் வேல்ஸின் மனோட் கற்சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தது. உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் சீராக இருந்ததால் வண்ணம் பெயர்வது குறைந்தது. போர் முடிந்து ஓவியங்கள் திரும்பியதும் தொல்லை மறுபடி தொடங்கியது. சீரான சூழல் நல்லது என்பது அதில் கிடைத்த பாடம். அது சரியான பாடம்தான். ஆனால் எவ்வளவு சீர் என்ற அளவு, பொருளின் தேவையைவிட இயந்திரத்தால் என்ன முடியும் என்பதைப் பார்த்தே பெரும்பாலும் நிர்ணயமானது. 1990களில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மரம், பசை, வண்ணம் ஆகியவற்றை இழுத்தும் தளர்த்தியும் சோதித்து, பல பொருள்கள் இன்னும் அகலமான ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் என்று காட்டினார்கள். பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் கூடும் பிசோ குழு, பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி, 40 முதல் 60 சதவீதம் போதும் என்ற பசுமை நெறிமுறையைக் கொண்டுவந்தது. 2014இல் ஐஐசி, ஐகாம்-சிசி ஆகிய, கலைப்பொருள் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்புகளும் ஏறத்தாழ இதே திசையில் கூட்டறிக்கை வெளியிட்டன. இத்தனைக்குப் பிறகும், அருங்காட்சியகங்கள் ஒன்றுக்கொன்று பொருள்களை இரவல் கொடுக்கும் ஒப்பந்தங்களில் பழைய எண்ணைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் தளர்த்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை. குளோரைடு ஏறிய வெண்கலத்தை ஈரக்காற்று பச்சைத் தூளாக்கிவிடும். உலர்ந்தே இருக்க வேண்டும். அந்த ஒரு பொருளுக்காக முழு மாடியையும் உலர்த்துவதுதான் தவறு. இறுக மூடும் பெட்டி ஒன்றும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் கொஞ்சமும் போதும். காகிதத்தின் கதை வேறு. வெப்பம் 5 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது நாங்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. ஆகவே குளிர்காலத்தில் ஆள் இல்லாத காகிதச் சேமிப்பறையைச் சூடேற்றுவது, காசு கொடுத்து ஆயுளைக் குறைப்பது. டென்மார்க்கில் சில சேமிப்புக் கட்டடங்களின் தரைக்கு வெப்பக்காப்பு போடாமல் விட்டிருக்கிறார்கள். கீழே உள்ள மண்ணே கோடையில் சூட்டை வாங்கிக் குளிரில் திருப்பிக் கொடுக்கிறது; ஈரத்தை இழுக்கும் கருவி மட்டும் தேவைப்படும்போது ஓடுகிறது.

இனி வேலைமேசைக்கு வருகிறேன். ஒரு ஓவியத்தில் மஞ்சளித்த வார்னிஷை எடுக்கும் நாளில், மாலையில் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். குச்சியில் சுற்றிய பஞ்சு நூற்றுக்கணக்கில் கிடக்கும், ஒவ்வொன்றும் கரைப்பானில் நனைந்தது. மேலே கையுறைகளும் பாலியெஸ்டர் தாள் துண்டுகளும். டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்களின் வாசனையில் பல வருடம் வேலை செய்தவர்களின் தலைவலி எனக்குத் தெரியும். தண்ணீரோடு கலக்கும் கரைப்பானாக இருந்தால், அதை அகர் அல்லது கெல்லன் என்ற, தண்ணீரில் உறையும் ஜெல்லில் கட்டி, மெல்லிய வில்லையாக வெட்டி மேற்பரப்பில் வைத்தால் வேண்டிய இடத்தில் மட்டும், வேண்டிய அளவு மட்டும் இறங்கும். பல அழுக்குகளுக்குக் கரைப்பானே வேண்டாம், தண்ணீரின் அமிலகார நிலையைச் சரிப்படுத்தினாலே வந்துவிடும். எச்சிலால் துடைப்பது எங்கள் தொழிலின் பழைய வழக்கம். அதில் உள்ள நொதிகளும் அழுக்கைத் தளர்த்த உதவுகின்றன.

ஃபிளாரன்ஸில் மெடிச்சி கல்லறை மண்டபத்தில், மைக்கலாஞ்சலோ செதுக்கிய பளிங்குப் பேழை ஒன்றில் பல நூற்றாண்டுக் கறை இருந்தது. 1537இல் கொலையான ஃபிளாரன்ஸ் ஆட்சியாளர் அலெஸாண்ட்ரோ மெடிச்சியின் உடலை உள்ளே வைத்ததால் கசிந்து ஊறிய கறை அது. அதை எடுத்தவை பாக்டீரியாக்கள். ஜெல்லில் வைத்துப் பரப்பியதும் கறையைத் தின்றன, கல்லைத் தொடவில்லை. இந்தச் செய்தி 2021இல் வெளியே வந்தபோது எங்கள் ஆய்வகத்தில் அன்று முழுக்க இதே பேச்சுதான்.

கட்டட வேலையில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரில், கல்லிடுக்குகளைச் சிமெண்டால் பூசுவது. சிமெண்டுக்கு உலை சுமார் 1,450 டிகிரி எரிய வேண்டும், சுண்ணாம்புக்கு 900 போதும். அதோடு, சுடும்போது கல்லிலிருந்து வெளியேறிய கரியமில வாயுவில் பெரும்பகுதியைச் சுண்ணாம்புக் காரை இறுகும்போது காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. அதைவிட முக்கியம், சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும். சிமெண்ட் இடுக்கை அடைத்ததும் உள்ளிருக்கும் ஈரம் கல்வழியே வெளியேறும், கூடவே வரும் உப்பு கல்லுக்குள் படிகமாகி அதை உடைக்கும். அப்படிப்பட்ட சுவரில் விரலால் தேய்த்துப் பார்த்தேன். சிமெண்ட் வரி புடைத்து நின்றது, கல் மாவாகக் கையோடு வந்தது. இனி அந்தக் கல்லை மாற்ற வேண்டும். புதுக் கல் வெட்ட வேண்டும், லாரியில் வர வேண்டும். ஒரு தப்பான பழுதுபார்ப்பு அடுத்த இரண்டு பழுதுபார்ப்புகளைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

சேமிப்பறை இயந்திரத்தை இப்போது இரவில் நிறுத்திப் பார்க்கிறோம். முதலில் இரண்டு மணி நேரம், பிறகு நான்கு, இப்போது ஆறு. அறையில் ஒன்று, பெட்டிக்குள் ஒன்று என்று பதிவுக் கருவிகள் ஓடுகின்றன. காலையில் நான் முதலில் போவது அதே மரச்சிற்ப அலமாரிக்குத்தான், கையில் டார்ச்சோடு.